ஐந்து மைல் தூரத்துக்கு ஒரு ரிப்பீட்டர்

கேரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் ஏபெக்ஸில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ ஐந்து மைல். வட கரோலினாவின் இந்தப் பகுதியில் கைப்பேசிக் கோபுரங்களுக்குக் குறைவில்லை என்பதால் வாக்கி டாக்கி என்ற பொருளைக் குழந்தைகளின் விளையாட்டுச் சாமானாகவே நாங்கள் நினைத்திருந்தோம். 2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் மாநிலத்தின் மேற்கு மலைப்பகுதியைப் புரட்டிப் போட்டு, ஆஷ்வில் வட்டாரத்தில் மின்சாரமும் கைப்பேசியும் நாட்கணக்கில் இல்லாமல் போனபோது, 2,037 மீட்டர் உயரமுள்ள மிட்செல் மலையின் மேல் இருந்த அமெச்சூர் வானொலி (தேர்வு எழுதி உரிமம் பெற்ற ஆர்வலர்களின் வானொலி) ரிப்பீட்டர், அதாவது ஒரு கருவியின் குரலைக் கேட்டு உரக்கத் திருப்பி அனுப்பும் நிலையம், தொடர்ந்து இயங்கிப் பல ஊர்களின் செய்திகளைக் கடத்தியது. அந்த வாரத்தில் ஓர் இரவு என் மனைவி கேட்டார்: "இங்கே இப்படி ஆனால் அண்ணனை எப்படிக் கூப்பிடுவது?" அந்தக் கேள்விக்கு விடை தேடி நான் வாங்கியவை, தவறாக வாங்கியவை, பிறகு மாற்றியவை எல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு.

அமெச்சூர் உரிமம் பெற ஒவ்வொருவரும் தேர்வு எழுத வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு ஆர்வம் உள்ளவன் நான் ஒருவன்தான். ஆகவே ஜிஎம்ஆர்எஸ் என்ற பொதுக் கைவானொலிச் சேவையைத் தேர்ந்தெடுத்தேன். இதற்குத் தேர்வு கிடையாது. 18 வயது நிறைந்தவர் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் இணையதளத்தில் விண்ணப்பித்து 35 டாலர் கட்டினால் பத்தாண்டுகளுக்கான உரிமமும் ஓர் அழைப்புக் குறியும் கிடைக்கும். 2022 ஏப்ரல் வரை இந்தக் கட்டணம் 70 டாலராக இருந்தது. ஒருவர் பெறும் உரிமத்தில் அவருடைய கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர், அத்தை மாமா வகையினர், அவர்களுடன் திருமண வழிச் சொந்தங்களும் பேசலாம் என்பதால் மைத்துனர் குடும்பம் தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் சித்தப்பா பிள்ளைகளும் பெரியப்பா பிள்ளைகளும் இல்லை. நமக்குத் தம்பி என்றால் தம்பிதான். அமெரிக்கச் சட்டத்துக்கு அவர் வெறும் கசின். ராலேயில் இருக்கும் என் சித்தப்பா மகன் தனியாக 35 டாலர் கட்ட நேர்ந்தது, அதை அவர் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்.

கடையில் கருவி வாங்கும்போது முதலில் குழப்புவது எஃப்ஆர்எஸ், ஜிஎம்ஆர்எஸ் என்ற இரண்டு பெயர்கள். 2017-இல் விதிகள் திருத்தப்பட்ட பிறகு இரண்டும் ஒரே 22 சேனல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் உரிமம் தேவைப்படாத எஃப்ஆர்எஸ் கருவியின் திறன் பெரும்பாலான சேனல்களில் 2 வாட்டுக்கும், 8 முதல் 14 வரையிலான சேனல்களில் அரை வாட்டுக்கும் மேல் போகக் கூடாது, அதன் ஆன்டெனாவைக் கழற்றவும் முடியாது. ஜிஎம்ஆர்எஸ் கருவி 15 முதல் 22 வரையிலான சேனல்களில் 50 வாட் வரை அனுப்பலாம். அதைவிட முக்கியமாக, ரிப்பீட்டர் வழியாகப் பேசும் தகுதி அதற்கு மட்டுமே உண்டு. அந்தத் தகுதியும் எல்லா ஜிஎம்ஆர்எஸ் கருவிகளிலும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. விலை குறைந்த சில மாதிரிகளில், ரிப்பீட்டருக்குக் குரலை அனுப்பும் 467 மெகாஹெர்ட்ஸ் உள்வாயில் சேனல்களே கிடையாது என்பதை நான் இரண்டு கருவிகளை வாங்கிய பின்னரே கவனித்தேன். அவை இப்போது முகாம் போகும்போது குழந்தைகள் கையில் இருக்கின்றன.

அந்தக் கருவிகளின் பெட்டியில் 35 மைல் என்று அச்சிட்டிருந்தது. ஒரு மலை உச்சியிலிருந்து இன்னொரு மலை உச்சிக்குப் பேசினால் அது நடக்கலாம். இந்த அலைவரிசை பெரும்பாலும் கண்ணுக்கு நேரான பாதையில் செல்வதால் தொலைவைத் தீர்மானிப்பது ஆன்டெனாவின் உயரமே. மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். நின்றுகொண்டு கையில் கருவியைப் பிடித்திருப்பவரின் ஆன்டெனா 1.7 மீட்டர் உயரத்தில் இருந்தால் அது 5.4 கிலோமீட்டர்; இருவரும் அப்படி நின்றால் மொட்டைத் தரையில் 10.7 கிலோமீட்டர். நம் ஊர்ப் பொட்டல்காடாக இருந்தால் அந்தக் கணக்கு நடக்கும். இங்கே வீட்டுக்கு வீடு பைன் மரங்களும், மேடு பள்ளங்களும், இரண்டு மாடி வீடுகளும் இருப்பதால் 5 வாட் கைக்கருவிகள் இரண்டும் முக்கால் மைலில் கரகரக்கத் தொடங்கி, ஒன்றரை மைலில் அடங்கிவிட்டன. 5 வாட்டை 10 வாட்டாக ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். அது பேச்சின் தெளிவைச் சற்றே கூட்டும், மேட்டைத் தாண்ட வைக்காது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது இரண்டு வீடுகளிலும் ஆன்டெனாவை உயர்த்துவது. எங்கள் குடியிருப்போர் சங்கம் கூரைக்கு மேல் எதையும் நிறுத்த விடாது. தொலைக்காட்சி ஆன்டெனாவுக்கும் சிறிய டிஷ்ஷுக்கும் எஃப்சிசி தரும் பாதுகாப்பு இருவழி வானொலி ஆன்டெனாவுக்குப் பொருந்தாது. எனவே கண்ணாடியிழை உறை போட்ட ஆன்டெனாவைக் கூரைக்கு அடியில் இருக்கும் பரணில், மோட்டுக்கு நேர் கீழே, நட்டமாக நிறுத்தினேன். தார் ஓடு வேய்ந்த கூரை இந்த அலைகளைப் பெரிதாகத் தடுப்பதில்லை. ஆனால் வெப்பத்தைத் தடுப்பதற்காகக் கூரையின் உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும் வீடுகளில் இந்த வழி பயன்படாது.

அடுத்த தவறு கேபிளில் நடந்தது. பரணிலிருந்து கீழ்த்தளத்து அலமாரி வரை 60 அடி கேபிள் வேண்டியிருந்தது. வளைக்க எளிதாக இருக்கும் என்று சுண்டுவிரலைவிட மெலிந்த ஆர்ஜி-58 கேபிளை வாங்கிச் சுவருக்குள் இழுத்துவிட்டேன். 460 மெகாஹெர்ட்ஸ் அளவில் அந்தக் கேபிள் 100 அடிக்குச் சுமார் 10 டெசிபல் விழுங்கும். என் 60 அடியில் 6 டெசிபல் போனால், 20 வாட் கருவியிலிருந்து ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது 5 வாட்தான். அனுப்பும் திறனைக் காசு கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். வரும் சமிக்ஞையிலும் நான்கில் மூன்று பங்கு வழியிலேயே கரைந்துபோவதற்கு மாற்று கிடையாது. ஒரு சனிக்கிழமை முழுவதும் செலவழித்து அதை உருவி எடுத்து எல்எம்ஆர்-400 கேபிளை இழுத்தேன். அது 100 அடிக்கு 2.7 டெசிபல்தான் இழக்கும் என்பதால் 20 வாட்டில் ஏறத்தாழ 14 வாட் மேலே போய்ச் சேர்ந்தது. அன்று மாலை மைத்துனர் வீட்டுக் கருவியில் என் குரல் பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்டதாக அவர் சொன்னார். இரண்டு வீடுகளுக்கு இடையே மட்டும் பேச வேண்டும் என்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். ரிப்பீட்டர் பற்றிய பேச்சைத் தொடங்கும் பலருக்கு உண்மையில் வேண்டியது இவ்வளவுதான் என்பது என் எண்ணம்.

எங்களுக்கு ரிப்பீட்டர் தேவைப்பட்டது, நடைப்பயிற்சிக்குப் போகும் என் மாமியாரின் கைக்கருவியிலிருந்து மைத்துனர் வீடு வரை குரல் போக வேண்டும் என்பதால். ரிப்பீட்டர் என்பது 467 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு குரலைக் கேட்டு, அதே நொடியில் அதைவிடச் சரியாக 5 மெகாஹெர்ட்ஸ் கீழே 462 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் உரக்கத் திருப்பிச் சொல்லும் கருவி. ஜிஎம்ஆர்எஸ் சேவையில் இதற்கென எட்டு அலைவரிசை இணைகள் உள்ளன. கடினமான வேலை "அதே நொடியில்" என்பதில் இருக்கிறது. பத்து வாட்டில் கத்திக்கொண்டிருக்கும் ஆன்டெனாவிலேயே, அதில் பத்தாயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவே உள்ள தொலைதூரச் சமிக்ஞையையும் கேட்டாக வேண்டும். நாகஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் ஒருவர் முணுமுணுப்பதை அவர் காதில் வாங்குவதைப் போன்றது அது. இரண்டையும் பிரித்து வைக்கும் வடிகட்டிப் பெட்டிதான் டூப்ளெக்சர். அதை ஒரு குறிப்பிட்ட இணைக்கு மட்டுமே இசைவித்து வைத்திருப்பார்கள். விற்பவரிடம் சேனலைச் சொல்லி இசைவித்து வாங்குவதே நல்லது, பிறகு மாற்ற நினைத்தால் அளவுக் கருவி வேண்டும்.

எனவே எந்த இணை என்பதைக் கருவி வாங்குவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். மூன்று வாரம், ரிப்பீட்டர்கள் திருப்பிச் சொல்லும் எட்டு வெளிவாயில் சேனல்களையும் மாலை வேளைகளில் கேட்டு, ஏற்கெனவே யாருடைய ரிப்பீட்டர் எதில் இருக்கிறது என்று குறித்துவைத்தேன். இந்தச் சேனல்கள் யாருக்கும் தனிச் சொத்தல்ல. பக்கத்து ஊரில் நன்றாக ஓடும் ஒரு ரிப்பீட்டரின் மேல் நம்முடையதை ஏற்றிவைப்பது விதிக்கும் பொருந்தாது, பண்புக்கும் பொருந்தாது. அந்த ரிப்பீட்டர்காரரிடம் அனுமதி கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும் என்பதால் சொந்தமாக வைக்கும் செலவே மிச்சமாகலாம். எனக்குக் கேட்ட இரண்டும் ஏபெக்ஸின் தெற்குப் பகுதியை எட்டவில்லை என்பதால்தான் நான் சொந்தமாக வைக்க முடிவு செய்தேன். ரிப்பீட்டரைத் திறக்கும் டோனாக (குரலுடன் சேர்ந்து போகும் தாழ்ந்த ஒலி) எல்லோரும் வைக்கும் 141.3 ஹெர்ட்ஸைத் தவிர்த்து வேறொன்றை வைத்தேன். டோன் வைத்தால் பேச்சு ரகசியமாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது மற்றவர் பேச்சு நம் ஒலிபெருக்கியில் வராமல் தடுக்குமே தவிர, நம் பேச்சை யார் கேட்பதையும் தடுக்காது.

எல்லாம் பொருத்தி முடித்த முதல் நாள், ரிப்பீட்டர் இல்லாதபோது கேட்ட தூரம்கூடக் கேட்கவில்லை. மாமியார் குளக்கரைப் பூங்காவிலிருந்து பேசியபோது இரைச்சலுக்கு நடுவே பாதிச் சொற்கள் மட்டும் வந்தன. சந்தேகத்தின் பேரில், டூப்ளெக்சருக்குப் போகும் அனுப்பு கேபிளைக் கழற்றி, அனுப்பும் கருவியின் வாயில் டம்மி லோடு என்ற, திறனை ஆன்டெனாவுக்கு விடாமல் வெப்பமாக மாற்றிவிடும் மின்தடையை மாட்டிவிட்டு மீண்டும் பேசச் சொன்னேன். ஏற்பியின் ஒலிபெருக்கியில் அவர் குரல், பின்னால் கத்திய வாத்துகளின் சத்தம் வரை தெளிவாகக் கேட்டது. அப்படியானால் ரிப்பீட்டர் தன் இரைச்சலாலேயே தன் காதைச் செவிடாக்கிக்கொண்டிருக்கிறது. காரணம் டூப்ளெக்சர் அல்ல. கருவிக்கும் டூப்ளெக்சருக்கும் இடையே நான் மிச்சம் இருந்த ஆர்ஜி-58 துண்டுகளைப் போட்டிருந்தேன். ஒற்றைப் பின்னல் உறை உள்ள அந்தக் கேபிள்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கசிந்துகொண்டிருந்தன. இரட்டைப் பின்னல் உள்ள ஆர்ஜி-400 துண்டுகளை மாற்றியதும் பூங்கா திரும்பக் கிடைத்தது. மேலே போகும் எல்எம்ஆர்-400-இலும் அலுமினியத் தாளும் செம்புப் பின்னலும் உரசி ரிப்பீட்டர்களில் இரைச்சல் உண்டாக்கும் என்று அனுபவசாலிகள் எச்சரிக்கிறார்கள். என் பத்து வாட்டில் அந்தத் தொல்லை இதுவரை தெரியவில்லை; 50 வாட்டில் வைப்பவர்கள் நெளிவுச் செம்புக் குழாய்க் கேபிளுக்கே போவது நல்லது.

மின்சாரம் போனால் ஓட வேண்டும் என்பதற்காகவே வைத்தது என்பதால் 20 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றை இணைத்திருக்கிறேன். என் கருவி சும்மா இருக்கும்போது 0.3 ஆம்பியரும், அனுப்பும்போது ஏறத்தாழ 3 ஆம்பியரும் இழுக்கிறது. ஒரு முழு நாள் காத்திருப்புக்கு 7 ஆம்பியர்-மணி சொச்சம் போனாலும் நான்கு மணி நேரப் பேச்சுக்கு மிச்சம் இருக்கும். யாராவது பொத்தான் மேல் உட்கார்ந்துவிட்டால் பேட்டரி காலியாகாமல் இருக்க மூன்று நிமிடத்தில் தானாக நிறுத்தும் கடிகாரத்தையும் வைத்திருக்கிறேன். கோடையில் பரண் அடுப்பு மாதிரி ஆகிவிடும் என்பதால் கருவிகள் எதையும் அங்கே வைக்கவில்லை.

வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க இரண்டே விஷயங்கள் இருந்தன. ரிப்பீட்டர் விழித்துக்கொள்ள அரை நொடி ஆகும் என்பதால் பொத்தானை அழுத்தியவுடன் பேசாமல் ஒரு மூச்சு விட்டுப் பேச வேண்டும், "மாப்பிள்ளை, கேட்குதா?" என்று மாமியார் அழைத்தது தொடக்கத்தில் எனக்கு "ள்ளை, கேட்குதா?" என்றே வந்துகொண்டிருந்தது. இரண்டாவது, பேசி முடிக்கும்போதும் நீண்ட பேச்சில் 15 நிமிடத்துக்கு ஒருமுறையும் அழைப்புக் குறியை ஆங்கிலத்திலோ மோர்ஸிலோ சொல்ல வேண்டும். மற்ற பேச்சு தமிழில் இருக்கலாம். ரசத்துக்குப் புளி ஊறப்போடச் சொல்லிவிட்டு, மாமியார் ஒவ்வோர் எழுத்தாக ஆங்கிலத்தில் குறியை ஒப்பிப்பதைக் கேட்கும் அமெரிக்கர் யாராவது இருந்தால் அவருக்கு அது நல்ல பொழுதுபோக்காக இருக்கும்.

ஊருக்குப் போகும்போது இதில் ஒரு ஜோடி வாங்கி வரச் சொல்லி மதுரையிலிருந்து உறவினர் கேட்டார். மறுத்துவிட்டேன். 462 மெகாஹெர்ட்ஸ் இங்கேதான் குடும்பங்களுக்கான பட்டை. இந்தியாவில் அது அப்படி அல்ல, அங்கே இந்தக் கருவியை இயக்குவது சட்டவிரோதம். 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி இந்தியாவில் தனிநபர் வாக்கி டாக்கிக்கு உரிமம் இல்லாமல் கிடைக்கும் பகுதி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அதற்கென அங்கீகாரம் பெற்ற கருவியை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அது தோப்பின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போதும், ரிப்பீட்டர் எல்லாம் அதில் நடக்காது. ரிப்பீட்டர்தான் வேண்டும் என்றால் அமெச்சூர் உரிமத் தேர்வு எழுத வேண்டும், அதுவும் பேசப்போகும் ஒவ்வொருவரும் எழுத வேண்டும். 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம் என்று சொன்னதும், அவர் தன் மகளைக் கூப்பிட்டுப் போனை அவள் கையில் கொடுத்துவிட்டார்.