வராமல் போன எட்டாம் கடிதம்

1996 டிசம்பரில் ராணுவத்தில் இருந்த என் கணவர் சியாச்சின் பனியாற்றுக்குப் போனார். அப்போது எனக்கு அது தெரியாது. "வடக்கே அனுப்புகிறார்கள், மூன்று மாதத்துக்கு லீவு கேட்க முடியாது" என்று மட்டும் எழுதியிருந்தார். கடிதத்தின் பின்பக்கம் அவருடைய ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கடைசியில் 56 ஏ.பி.ஓ., அதாவது ராணுவத் தபால் நிலையம். பாதி ராணுவத்துக்கும் அதே விலாசம்தான். ஊரோ மலையோ எழுதக் கூடாது. பக்கத்து வீட்டுப் பையனின் அட்லஸை வாங்கி வைத்துக்கொண்டு விரலால் தேடியிருக்கிறேன்.

அந்தக் கடிதங்களில் குளிர் என்ற சொல்லே கிடையாது. கரன்ட் பில் கட்டியாச்சா, பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா, அம்மாவுக்குக் கண் காட்டினாயா, நான் நலம், சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறது, நன்றாகத் தூங்குகிறேன். எல்லாக் கடிதமும் இதேதான். ஆனால் காகிதம் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. பிரித்தாலே மண்ணெண்ணெய் வாடை அடிக்கும், ஓரமெல்லாம் கரி. முத்து முத்தாக எழுதுகிற மனுஷனின் கையெழுத்து கோணலாகவும் பெரிதாகவும் இருந்தது, நடு வாக்கியத்தில் மை நின்று போய் வெறும் கீறல் மட்டும் தெரியும். பேனாவை அக்குளில் வைத்துச் சூடாக்கி எழுதினார் என்பதும், அந்த உயரத்தில் பசியும் எடுக்காது, தூக்கமும் வராது என்பதும் அவர் ஓய்வு பெற்று வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தபால் போவதும் வருவதும் ஹெலிகாப்டரை நம்பித்தான். வானம் மூடிக்கொண்டால் இரண்டு வாரம் ஒன்றும் வராது, அப்புறம் ஒரே நாளில் நான்கு வரும். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று நான் எழுதி, காய்ச்சல் விட்டு அவள் ஓடியாடத் தொடங்கின பிறகும், இன்னும் குறையவில்லையா, வேறு டாக்டரிடம் காட்டு என்று பதறிப்போய் எழுதிக்கொண்டே இருந்தார். எது முன்னே எது பின்னே என்று புரியாமல், இனிமேல் கடிதத்தின் மூலையில் நம்பர் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். போட்டார். 5, 6, 7 வந்தன. அடுத்து வந்தது 9.

எட்டு எங்கே என்று கேட்டு எழுதினேன். வழியில் தொலைந்திருக்கும் என்று பதில் வந்தது. நானும் நம்பிவிட்டேன்.

1984 ஏப்ரல் 13-இல் நம் படைகள் அந்தப் பனியாற்றின் மேல் ஏறின. இறங்கவே இல்லை. காவல் போஸ்ட்டுகள் பல 18,000 அடிக்கு மேலே, குளிர் மைனஸ் 50 வரை போகும். அங்கே குண்டு பட்டு இறந்தவர்களைவிடப் பனியிலும் மூச்சுத் திணறியும் இறந்தவர்கள்தான் அதிகம். இதை எந்த மனைவிக்கு யார் எழுதுவார்?

2016 பிப்ரவரியில் சியாச்சினின் சோனம் போஸ்ட்டில் பனிச்சரிவு. மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆட்கள் பத்துப் பேர் புதைந்தார்கள், அதில் நான்கு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஆறு நாள் கழித்து அவர்களில் ஹனுமந்தப்பா என்பவரை உயிரோடு எடுத்தார்கள். வீட்டில் டிவியை அணைக்கவே இல்லை, இவர் சோற்றில் கை வைக்கவில்லை. 11-ஆம் தேதி அவரும் போய்விட்டார் என்று செய்தி வந்ததும் இவர் எழுந்து டிவியை அணைத்தார். வெகுநேரம் கழித்து, "அந்த எட்டாம் லெட்டர் தொலையல, நான்தான் ஸ்டவ்வுல போட்டேன்" என்றார்.

அங்கே கயிறு கட்டிக்கொண்டு பனியில் நடக்கும்போது இவருக்கு முன்னால் போகிற பையனாம். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. இரண்டு நாள் ஹெலிகாப்டர் வர முடியாத மேகம். இவர் மடியில்தான் அவன் தலை இருந்தது. அந்த ராத்திரி உட்கார்ந்து எனக்கு எழுதியிருக்கிறார், விடிந்ததும் படித்துப் பார்த்து எரித்திருக்கிறார், ஆனால் கணக்கு மாறாமல் அடுத்ததற்கு 9 என்று போட்டுவிட்டார்.

"அவனப் பத்தித்தான் எழுதியிருந்தீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. அவன் பேரே அதுல இல்ல. ரொம்பக் குளிருதுன்னு மட்டும் எழுதியிருந்தேன், ரெண்டு பக்கமும்."