மிஸ்டியர் 1/72: ஒருவழியாக வெள்ளி ஏறிவிட்டது

மிஸ்டியர் போர்விமானத்தின் 1/72 அளவு பிளாஸ்டிக் மாதிரியை மேசை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், ஒரு கீறல் தெரியவில்லை. தற்பெருமைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிட் (ஒட்டிச் சேர்க்கும் பாகங்களின் பெட்டி) பழைய மேட்ச்பாக்ஸ் கம்பெனியுடையது. தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பேனல் கோடுகள் அவர்களிடம் எப்படியிருக்கும் என்று தெரிந்ததுதானே, வாய்க்கால் வெட்டி வைத்திருப்பார்கள். பச்சையும் பழுப்புமாக அடித்துவிட்டால் பாதி மறைந்துவிடும். ஆனால் நான் செய்வது இந்திய விமானப்படையின் ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யாவின் விமானம். 1965 இந்திய-பாகிஸ்தான் போர் தொடங்கியபோது நம் மிஸ்டியர்கள் பெரும்பாலும் வெறும் உலோக நிறத்தில்தான் இருந்தன. பச்சை நடுவில் அவசரமாகப் பூசியது. செப்டம்பர் 7 விடியலில் பஞ்சாபின் ஆதம்பூரிலிருந்து பாகிஸ்தானின் சர்கோதா விமானத்தளத்தைத் தாக்கக் கிளம்பிய விமானம் என்றால் என் முடிவு வெள்ளிதான்.

வெள்ளியில் எதையும் ஒளிக்க முடியாது. வாய்க்கால்களைக் கார் பெயின்டர்கள் பயன்படுத்தும் பட்டியால் அடைத்து, 800, 1200, 2000 என்று வாட்டர் பேப்பர் போட்டேன். மேலே பளபளப்புக் கறுப்பு. இது காய்ந்ததா என்று விரலால் தொடாதீர்கள், மூக்கருகே பிடியுங்கள். தின்னர் வாடை இருக்கும்வரை அல்கிளாட் என்ற உலோகநிறப் பெயின்ட் பாட்டிலைத் திறக்கவே கூடாது. அப்புறம் ஏர்பிரஷ்ஷில் 12 பிஎஸ்ஐ காற்றழுத்தம், பனி படிவதுபோல மெல்லிய பூச்சு. கறுப்பு முழுதாக மறைவதற்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும்; அந்த ஆழம்தான் உலோகம் என்று கண்ணை நம்பவைக்கிறது. வால்பக்கத்துக்கு மட்டும் டார்க் அலுமினியம். மாஸ்கிங் டேப்பை உள்ளங்கையில் ஒட்டி எடுத்து, பசையைக் குறைத்த பிறகே வெள்ளியின் மேல் ஒட்டினேன்.

அல்கிளாட் தீப்பிடிக்கும் சரக்கு, விமானப் பார்சலில் ஏற்ற மாட்டார்கள். நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரரோ எப்போது கேட்டாலும் 'அடுத்த லாட்டில் சார்' என்கிறார். கிடைக்கும்போது இரண்டாக வாங்கி வையுங்கள்.

அதிக நேரம் போனது மூக்குக்கடியில் உள்ள இரண்டு பீரங்கி வாய்களுக்குத்தான். டெஃபா பீரங்கியின் 30 மி.மீ. வாயை 72ஆல் வகுத்தால் 0.42. பின்வைஸ் என்ற கைத்துளைப்பானில் 0.4 பிட் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கையாலேயே துளைத்தேன். இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், ஆமாம். கதையே அந்த இரண்டு துளைகளில்தான் இருக்கிறது.

சர்கோதா தாக்குதலுக்குப் போனவை பன்னிரண்டு மிஸ்டியர்கள். குடகுக்காரரான தேவய்யா மாற்று ஆள். ஒரு விமானம் விலகியதால் உள்ளே வந்தவர். இடைமறித்தது பாகிஸ்தான் விமானி அம்ஜத் உசேனின் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர். ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறக்கக்கூடியது. மிஸ்டியரோ நேர்மட்டத்தில் ஒலியின் வேகத்தைக்கூடத் தொடாது. தேவய்யாவைச் சுட்டுவிட்டு, கதை முடிந்தது என்று அடுத்த மிஸ்டியரைத் துரத்தினார் அம்ஜத். அடிபட்ட விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்து தேவய்யா சுட்டதில், அம்ஜத் பாராசூட்டில் குதிக்க வேண்டியதாயிற்று. தேவய்யா திரும்பவில்லை. அவர் உடலை அங்கிருந்த கிராமத்து மக்களே அடக்கம் செய்திருக்கிறார்கள்.

இது எதுவும் அப்போது இங்கே தெரியாது. 'காணவில்லை' என்று கோப்பு மூடப்பட்டது. 1979இல் ஒரு பிரிட்டிஷ் எழுத்தாளர் பாகிஸ்தான் தரப்புத் தகவல்களோடு எழுதிய நூலில்தான் ஸ்டார்ஃபைட்டரை ஒரு மிஸ்டியர் வீழ்த்திய விவரம் வந்தது. அந்த விடியல் தாக்குதலில் திரும்பாத மிஸ்டியர் ஒன்றே ஒன்று. அன்று தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய தனேஜா விடாமல் வாதாடி, 1988இல், 23 வருடம் கழித்து, மகாவீர் சக்ரா வந்தது. பெற்றுக்கொண்டவர் மனைவி சுந்தரி.

டெக்கால் (சின்னங்களும் எண்களும் உள்ள ஒட்டுப்படம்) இன்னும் ஒட்டவில்லை. அதற்குள் எஃப்-104 கிட் ஒன்று வாங்கியாயிற்று. இரண்டையும் ஒரே பலகையில் நிறுத்தத் திட்டம். அதுவும் வெள்ளிதான். கடைக்காரருக்கு மறுபடி போன் போட வேண்டும்.