எஃப்4 வரிசையும் ஆலன் சிம்ப்சனும்

15 மார்ச் 2025, சனி

ஆலன் சிம்ப்சன் போய்விட்டார். வயது 93. வயோமிங் மாநிலம், கோடி என்ற சிற்றூர். ஆறடி ஏழங்குல உயரம். 1979 முதல் 1997 வரை குடியரசுக் கட்சி செனட்டர். எஃப்4, அதாவது அமெரிக்கக் குடிமக்களின் உடன்பிறந்தவர்களுக்கான குடியேற்ற விசா; அந்த வரிசையில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

16 மார்ச்

எஃப்4-இல் இந்தியாவுக்கான தேதி இன்னும் 2006-ஐத் தாண்டவில்லை. அதாவது அந்த வருடம் மனு போட்டவர்களுக்கே இன்னும் முறை வந்து முடியவில்லை.

18 மார்ச்

கணக்கை மறுபடி போட்டேன். குடிமக்களின் உடன்பிறந்தவர்களுக்கு ஆண்டுக்கு 65,000 விசா. அது 65,000 குடும்பம் என்று எடுத்துக்கொண்டால் எல்லாமே தப்பாகும். மனைவி ஒரு தலை, பிள்ளைகள் தலைக்கொன்று. நான்கு பேர் கொண்ட வீடு என்றால் நான்கு விசா கழிந்துவிடும். மேலே இன்னொரு மூடி: குடும்பம், வேலை இரண்டும் சேர்ந்து எந்த நாட்டுக்கும் 7 சதவீதம், அதாவது 25,620. எல்லாம் 1990 சட்டம். எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவின் பெயரும் அதன் 65,000 வரம்பும் அதிலேயே பிறந்தவை. அந்தப் பக்கம் ஜனநாயகக் கட்சி செனட்டர் டெட் கென்னடி, இந்தப் பக்கம் சிம்ப்சன்.

ஐந்தாறு வருடம் கழித்து இதே சிம்ப்சன் எஃப்4-ஐயே எடுத்துவிடப் பார்த்தார். தனியாக இல்லை. பார்பரா ஜோர்டன் தலைமையிலான குடியேற்றச் சீர்திருத்த ஆணையமும் 1995-இல் அதையே சொன்னது. வரிசை இவ்வளவு நீண்டபின் அது வாக்குறுதியே அல்ல என்ற வாதம். 1996-இல் செனட் குழு மசோதாவை இரண்டாகப் பிளந்தது. சட்டப்படி வருவோரைக் குறைக்கும் பாதி சட்டமாகாமலே செத்தது. மற்றப் பாதி, அனுமதியின்றித் தங்கியவர்கள் திரும்பி வர மூன்று வருட, பத்து வருடத் தடைகளோடு சட்டமானது.

கோபப்பட வேண்டிய ஆள்தான். ஆனால் 'இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்ல வந்தவர் அவர். 'உண்டு' என்றவர்கள்தான் இருபது வருடம் நிற்க வைத்திருக்கிறார்கள்.

22 மார்ச்

2018 டிசம்பர் 5, வாஷிங்டன் தேசியப் பேராலயம், முன்னாள் அதிபர் மூத்த புஷ்ஷுக்கு இரங்கல். சிம்ப்சன் சொன்னது: வாஷிங்டனில் பணிவு என்ற உயர்ந்த பாதையில் போகிறவர்களுக்கு வண்டி நெரிசல் தொல்லை கிடையாது.

இப்படி எழுதினால் சிரிப்பு வராது. ஆங்கிலத்தில் 'டிராஃபிக்' கடைசிச் சொல். அதுவரை பிரசங்கம் மாதிரியே போய்க்கொண்டிருக்கும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் விழுவதால் நெரிசலை நடுவிலேயே கொட்டிவிட்டு, 'கிடையாது' என்று காலியான பையை உதறுகிறோம். 'உயர்ந்த பாதை' வேறு மேம்பாலம் போல ஒலிக்கிறது. இரண்டாக உடைத்தேன்:

வாஷிங்டனில் பணிவு என்றொரு சாலை உண்டு. காலியாகத்தான் கிடக்கும்.

பரவாயில்லை.

25 மார்ச்

எஃப்4-இல் பெற்றோரோடு வரவேண்டிய பிள்ளைக்கு 21 ஆகிவிட்டால் போச்சு என்று இன்றைக்கும் யாரோ சொல்கிறார்கள். அப்படியில்லை. விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளையின் வயதை எடு. ஐ-130 என்ற உறவினர் மனு கொடுத்த நாளிலிருந்து அது ஏற்கப்பட்ட நாள்வரை எவ்வளவு காலமோ, அதைக் கழி. 24 வயது, மனு ஐந்து வருடம் கிடந்தது என்றால் சட்டத்தின் கண்ணில் 19. மனுவை இரண்டே வருடத்தில் முடித்திருந்தால் 22, அவுட். சோம்பேறி அதிகாரி வாய்த்தவன் பாக்கியவான். ஏற்கப்பட்டபின் வரிசையில் காத்த வருடங்கள் கழியாது. பலரும் சறுக்குவது அங்கேதான். எண் கிடைத்த ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும்.

26 மார்ச்

தூக்கம் வரவில்லை. 24 கழித்தல் 5.

29 மார்ச்

கோடிக்குப் பக்கத்தில் ஹார்ட் மவுண்டன். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய அமெரிக்கர்களை முள்வேலிக்குள் அடைத்த முகாம்; உச்சத்தில் பத்தாயிரத்துக்கும் மேல். ஊர்ச் சாரணச் சிறுவர்களை உள்ளே கூட்டிப்போனார்கள். சிம்ப்சனும் உள்ளே அடைபட்டிருந்த நார்மன் மினெட்டாவும் ஒரே சின்னக் கூடாரத்துக்கு ஜோடி. மழைநீர் வடியச் சுற்றிலும் வாய்க்கால் வெட்ட வேண்டும். கீழே இருந்த கூடாரத்தில் சிம்ப்சனுக்குப் பிடிக்காத பையன் ஒருவன். வடிகால் வாயை அந்தப் பக்கமாகவே திறந்து வைத்தார்கள். மழை பெய்தது. கூடாரம் சரிந்தது. சிம்ப்சனின் சிரிப்பை மினெட்டா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மினெட்டா பின்னாளில் ஜனநாயகக் கட்சி எம்.பி.

1988-இல் முகாமில் இருந்தவர்களுக்கு மன்னிப்பும் ஆளுக்கு 20,000 டாலரும் தரும் சட்டம் வந்தபோது சிம்ப்சன் மினெட்டா பக்கம்.

31 மார்ச்

எல்லா நகைச்சுவையும் தப்பித்ததில்லை. 2010 ஆகஸ்ட்: சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை 31 கோடி காம்புள்ள கறவை மாடு என்று ஒரு பெண்கள் அமைப்பின் தலைவிக்கு எழுதி, மன்னிப்புக் கேட்டார். மேடையில் என்றால் குரலும் முகமும் பாதியைச் சுமந்திருக்கும். மின்னஞ்சலில் மாடு மட்டும் நிற்கிறது.

அப்போது அவர் கடன் குறைப்புக் குழுவின் இணைத் தலைவர், எர்ஸ்கின் பவுல்ஸோடு. அவர்கள் யோசனை: பெட்ரோல் வரி 15 சென்ட் கூட்டு, ஓய்வு வயதை 2075-க்குள் 69 ஆக்கு. வலதும் இடதும் ஒருசேரக் கடுப்பாயின. குழுவின் 18 பேரில் 14 ஓட்டு வேண்டும். கிடைத்தது 11.

மூன்று. எப்போதும் ஒரு மூன்று குறைகிறது.

1 ஏப்ரல்

கருக்கலைப்பில் ஆண் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிக்கவே கூடாது என்பார். இந்தக் கட்சியில் இப்படி ஒருவர், அதுவும் வயோமிங்கிலிருந்து.

2 ஏப்ரல்

வரிசைத் தேதிகளைச் சொல்லும் மே மாத விசா புல்லட்டின் வரவில்லை. வந்தாலும் இரண்டு அட்டவணை இருக்கும், எதைப் பார்க்க வேண்டும் என்று வேறு குழப்பம்.