மங்கலான பட்டை சொன்ன கதை

ஆய்வில் எனக்கு அது இரண்டாம் வருஷம். எச்.இ.கே. 293 என்ற மனிதச் செல்களில் என் புரதத்தைச் செய்யவைத்து, வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, வேண்டியதை மட்டும் பட்டையாகக் காட்டும் சோதனை) ஓட்டினேன். அமினோ அமிலக் கணக்குப்படி எடை 42 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வர வேண்டும். வந்ததோ 50-ஐ ஒட்டி ஒரு கூர்மையான பட்டை, அதற்கு மேலே ஈரத்துணியில் மை ஊறியது போல ஒரு மங்கல். ஜெல்தான் சரியில்லை என்று மூன்று தடவை திரும்ப ஓட்டினேன். அதேதான்.

கைடு புரத வரிசையை விரித்துக் காட்டினார். அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம், அடுத்து புரோலின் தவிர எதுவும், அதற்கடுத்து செரின் அல்லது திரியோனின்: இந்த அமைப்பு நான்கு இடங்களில் இருந்தது. செல்லுக்குள் புரதம் மடியும் இடமான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில் 14 சர்க்கரைகள் கொண்ட கொத்து ஒன்று முழுசாக அந்த அஸ்பராஜினில் ஏறும். ஒவ்வொரு கொத்தும் ஜெல்லில் சுமார் 2.5 கிலோடால்டன் கூட்டும்.

இந்தக் கொத்துகளை வெட்டும் என்சைமான பி.என்.ஜி.ஏஸ்-எஃப் போட்டு வெட்டிப் பார்த்தேன். பட்டை இம்மிகூட நகரவில்லை.

“என்பி-40 ஊத்துனியாடா?” என்றார் சீனியர் அக்கா.

ஊற்றவில்லை. புரதத்தின் மடிப்பைப் பிரிக்க எஸ்.டி.எஸ். என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்த்துக் கொதிக்க வைக்கிறோம், அதே எஸ்.டி.எஸ். என்சைமையும் கெடுத்துவிடும். அதை அடக்கத்தான் என்பி-40 என்ற மென்மையான சோப்பு. மறுநாள் ஊற்றி, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். மங்கல் மொத்தமும் 42-இல் ஒரே கோடாக இறங்கியிருந்தது. ஃபிலிமைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அடுத்து எண்டோ-எச், சர்க்கரையை வெட்டும் இன்னொரு என்சைம். ரெட்டிகுலத்துக்கு அடுத்த நிலையமான கோல்ஜியில் மெருகேறிய சர்க்கரையை அது தொடாது. மேல் மங்கல் அசையவில்லை. கீழ்ப்பட்டை மட்டும் இறங்கி, 42-க்கு மயிரிழை மேலே நின்றது. எண்டோ-எச் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சர்க்கரையை மிச்சம் வைக்கும், அதனால்தான். ஆக, கீழே இருப்பது இன்னும் ரெட்டிகுலத்தில் உள்ள புரதம், மேலே இருப்பது கோல்ஜியைக் கடந்தது.

பிறகு நான்கு அஸ்பராஜின்களையும் ஒவ்வொன்றாக, சர்க்கரை ஏறாத குளூட்டமினாக மாற்றினேன். மூன்றில் பெரிய வித்தியாசமில்லை. மூன்றாவது இடத்தை மாற்றியதில் மட்டும் மேல் மங்கலே காணோம். இருந்ததெல்லாம் எண்டோ-எச்சில் இறங்கியது. அந்தக் கொத்து இல்லாமல் புரதம் சரியாக மடியவில்லை என்றே நினைக்கிறேன். கால்னெக்சின் போன்ற துணைப் புரதங்கள் சர்க்கரையைப் பிடித்துத்தான் மடிய உதவுகின்றன.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில், இதே போல் சரியாக மடியாமல் ரெட்டிகுலத்தில் சிக்கும் சி.எஃப்.டி.ஆர். புரதம், செல்லை வழக்கமான 37-க்குப் பதில் 27 டிகிரியில் வளர்த்தால் ஓரளவு மேற்பரப்புக்கு வந்துவிடும். என் தட்டுகளையும் நேற்று 27-க்கு மாற்றியிருக்கிறேன்.