சூரியன் கல்லடிக்கு வரும் நாள்

நாற்பது தாண்டிய என் வயதுக்காரர்கள் பலர் சொல்வது ஒன்றுதான்: எதிலும் மனம் ஒட்டுதில்லை. வேலை இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள், வீட்டுக் கடன் ஒழுங்காகக் கட்டப்படுகிறது, உடம்புக்கும் பெரிய குறை இல்லை. ஆனாலும் விடிந்தால் எழும்பி ஓட வைக்கிற ஆவல் என்று ஒன்று இல்லை. எனக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. பிரதேச செயலகத்தில் கணக்குப் பிரிவு. காலை எட்டரைக்குக் கையொப்பம், பின்நேரம் நாலேகாலுக்கு வீடு, இடையில் வவுச்சர்கள்.

இதற்கு எல்லோரும் சொல்கிற மருந்து, புதிதாக ஏதாவது செய் என்பது. நுவரெலியா போய் வா, நீச்சல் பழகு, வீட்டுக்குப் பெயின்ட் அடி. நானும் போய் வந்தேன். குளிரும் தேயிலையும் நல்லாத்தான் இருந்தது. திங்கட்கிழமை மேசையில் இருந்ததும் அது எங்கே போனது என்று தெரியவில்லை.

எனக்குக் கைகொடுத்தது புதியது எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, சரி என்று புள்ளியும் வாங்கி, அதோடு கைகழுவிவிட்ட சங்கதிகளை எடுத்து, அது உண்மைதானா என்று நானே பார்ப்பது. பிள்ளைகள் புதியதைக் கண்டு வியக்கிறார்கள். எங்களுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிட்டது. எங்களுக்குத் திறந்திருப்பது தெரிந்ததைச் சோதித்துப் பார்க்கிற கதவுதான் என்று நான் நம்புகிறேன். அதற்குள்ளே இருப்பது குறைவே இல்லை.

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் பிறந்ததும் வானொலிச் செய்தியில் ஒரு வரி வரும். வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கும்: ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேராக உச்சம் கொடுக்கிறது, இன்று நண்பகல் இத்தனை மணிக்கு இன்ன இன்ன ஊர்கள். சின்ன வயதில் இருந்து கேட்கிற செய்தி. எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம், வெயிலுக்க போகாதே, தண்ணி குடி. ஒரு வருடம் சமைத்துக்கொண்டே அதைக் கேட்டபோதுதான் தோன்றியது: நேர் உச்சி என்றால் நிழல் இருக்கக் கூடாதே. நான் மட்டக்களப்புக் கல்லடியிலேயே பிறந்து வளர்ந்தவள். நிழல் இல்லாத ஒரு நண்பகலை ஒருநாளும் பார்த்ததில்லை.

மகன் சாதாரண தரத்துக்குப் படிக்கிறான். இரண்டு பேரும் அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு இருந்தோம். அந்த நாட்களில் சூரியனின் உச்சி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர் வடக்கே நகர்கிறது. அதை எங்கள் கரையோர வீதியில் வைத்துப் பார்த்தால், ஏப்ரல் 7 அளவில் பொத்துவில், 8 அளவில் கல்முனை, 9 அளவில் மட்டக்களப்பு, 10 அளவில் வாகரை. வருடத்தைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம். யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேர 14, 15 ஆகிவிடும், அதாவது சித்திரைப் புத்தாண்டு. மறுகா வடக்கே போய்த் திரும்பி, செப்டெம்பர் 2 அளவில் தெற்கே இறங்கும்போது இன்னொரு முறை எங்கள் தலைக்கு மேலே வரும். இதைக் கணக்குப் போட்டு எழுதிய அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. வருடத்தில் இரண்டு முறை இந்த வீட்டுக் கூரைக்கு நேர் மேலே வந்து போகிற ஒன்றை நான் கவனிக்காமலே இருந்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் எனக்கு ஒரு மச்சாள் இருக்கிறா. அவவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவ உடனே கேட்டா, “அப்ப உங்கட நிழல் இல்லாமப் போற நேரம் எங்களுக்கு எவ்வளவு நிழல் கிடக்கும் மச்சாள்?” அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. ஏனென்றால் இது எரத்தோஸ்தனிசின் கேள்வி. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். தெற்கே சையீன் என்ற ஊரில், கோடையின் மிக நீண்ட பகலன்று, நண்பகலில் வெயில் கிணற்றின் அடிவரை நேராக இறங்குகிறது என்று கேள்விப்பட்டார். அதே நாள் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. அந்த நிழலின் கோணம் ஒரு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட தூரத்தை ஐம்பதால் பெருக்கிப் பூமியின் சுற்றளவைச் சொல்லிவிட்டார். பத்தாம் ஆண்டில் நானும் இதைப் படித்தேன். படித்ததெல்லாம் பெயரும் விடையும்தான்.

ஆயத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆளுக்கொரு எஸ்லோன் பிளாஸ்டிக் பைப், சரியாக ஒரு மீற்றருக்கு வெட்டியது. நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்க்க மேசன்மார் பாவிக்கிற தூக்குக்குண்டு. சீமெந்துத் தரை சமமாக இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு உச்சி 12.05 அளவில், மச்சாளுக்கு 12.12 அளவில். அவ எங்களுக்கு மேற்கே இருக்கிறா, பூமி அந்த ஒன்றரைப் பாகைக்கு மேற்பட்ட துண்டைச் சுழன்று கடக்க ஏழு நிமிடம் எடுக்கிறது. ஒரே நாட்டில், ஒரே மணிக்கூட்டை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு நண்பகல்!

அந்த நாள் விடுமுறையில் விழுந்தது. காலையில் உடுப்புத் தோய்த்து, மீன் வெட்டி, பதினொரு மணிக்கெல்லாம் எனக்குப் படுத்தால் போதும் என்றிருந்தது. அதற்குள் மச்சாள் தன் முற்றத்தில் பைப்பை நட்டுப் படம் அனுப்பிவிட்டா. எழும்பி வெளியே போனேன்.

பன்னிரண்டு மணிக்கு நிழல் ஒரு விரலின் மொத்தம் இருந்தது. மகன் குந்தியிருந்து பென்சிலால் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தான். மூன்று நிமிடத்தில் அதிலும் பாதி. அப்புறம் அது பைப்பின் அடிக்குள்ளேயே போய்விட்டது. சுற்றிவரப் பார்த்தேன். உடுப்புக் கொடியின் நிழல் கொடிக்கு நேர் கீழே ஒரு கோடாகக் கிடந்தது. வாளிக்குப் பக்கத்தில் நிழலே இல்லை, அது வாளிக்கு அடியில். மகன் நிமிர்ந்து நின்றான், அவனுடைய நிழல் அவனுடைய தோளின் அகலத்துக்கு மேல் போகவில்லை. அம்மா குசினி வாசலில் நின்று, “என்ன மகள் இது, உச்சி வெயிலில தாயும் மகனும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு” என்றா. கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மற்ற நாட்களில் எங்கள் கிணற்றில் எப்போதும் ஒரு பக்கம் கட்டின் நிழல் விழுந்து கறுப்பாக இருக்கும். அன்று முழுத் தண்ணீரும் வெளிச்சம். அடி மணல் தெரிந்தது. எப்போதோ கழன்று விழுந்த ஒரு வாளியின் கைபிடி தெரிந்தது. அம்மா அந்தக் கிணற்றில் நாற்பது வருடத்துக்கு மேலாகத் தண்ணீர் அள்ளுகிறவ. “இவ்வளவு நாளும் இதுக்கையா கிடந்தது” என்றா, கொஞ்ச நேரம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

மச்சாளின் குரல் பதிவு 12.15 போல வந்தது. “மச்சாள், இஞ்ச நிழல் வடக்கை பார்த்துக் கிடக்கு. ஆனா அது எங்க முடியுது எண்டு சொல்ல ஏலாமக் கிடக்கு, ஓரம் மங்கலாக் கிடக்கு. மூண்டு சென்ரிமீற்றர் எண்டும் சொல்லலாம், நாலு எண்டும் சொல்லலாம்.” நாங்கள் மூன்றரை என்று வைத்துக்கொண்டோம்.

ஒரு மீற்றர் கோலுக்கு மூன்றரைச் சென்ரிமீற்றர் நிழல் என்றால் கோணம் இரண்டு பாகை. மகனின் கல்குலேட்டர் சொன்னது. வட்டம் முழுவதும் 360 பாகை, ஆக எங்கள் இரண்டு ஊருக்கும் இடையில் இருப்பது பூமியின் சுற்றில் 180இல் ஒரு பங்கு. தூரத்துக்கு பஸ் ஓடுகிற வீதியைக் கணக்கில் எடுக்கக் கூடாது, நேர்கோடும் சரிவராது, வடக்குத் தெற்காக எவ்வளவு என்பது மட்டும்தான் வேண்டும். அட்லஸில் அடிமட்டம் வைத்துப் பார்த்தோம், 216 கிலோமீற்றர். 180ஆல் பெருக்கினால் 38,880.

உண்மையான சுற்றளவு 40,000 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. நூற்றுக்கு மூன்றுதான் குறைவு.

அந்த எண்ணைத் தாளில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. கல்லடியில் ஒரு முற்றம், யாழ்ப்பாணத்தில் ஒரு முற்றம், இரண்டு தண்ணீர்ப் பைப். இவ்வளவையும் வைத்துக்கொண்டு பூமியைச் சுற்றி அளந்திருக்கிறோம். 40,000 என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்து என்ன? அந்த எண் என்னுடையதாக ஆனது அன்றைக்குத்தான்.

எங்கள் மண்ணிலே இந்தக் குணத்துக்குப் பெரிய முன்னோர் ஒருவர் உண்டு. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் விஞ்ஞானம் படித்தவர், விஞ்ஞானம் கற்பித்தவர். பழந்தமிழ் யாழ் வழக்கொழிந்து போய்ப் பாட்டில் மட்டும் மிஞ்சியிருந்த காலத்தில், அந்தச் செய்யுள் வரிகளை எடுத்து நரம்புகளின் சுருதிகளை எண்ணாகக் கணக்கிட்டுப் பார்த்தார். யாழ் நூல் 1947இல் வெளிவந்தது, அதே ஆண்டு அவர் மறைந்தார். அதைச் செய்ய வேண்டும் என்று அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. யாழின் பெருமையைப் புகழ்ந்து பேசிவிட்டுப் போயிருக்கலாம். அவர் கணக்குப் போட்டார். அந்த வித்தியாசம்தான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது.

எங்கள் வாவியில் இரவில் கேட்கிற பாடும் மீனும் அப்படித்தான். மட்டக்களப்பான் என்றால் பாடும் மீன். மேடையில் சொல்கிறோம், சின்னத்தில் போடுகிறோம், சிலை வைக்கிறோம். காதால் கேட்டவர் எத்தனை பேர்? 1848இல் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், மீனவர்களிடம் விசாரித்து, இரவில் வள்ளத்தில் போய்க் கேட்டு எழுதி வைத்தார். நாங்கள் பக்கத்து வீட்டு அண்ணரைப் பிடித்து, ஒரு பறுவத்தன்று, முழுநிலா நாளில், தோணியில் கல்லடிப் பாலத்துக்குக் கிட்டப் போனோம். துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற நுனியில் காதை வைக்க வேண்டும். முதலில் தோணியில் அலை தட்டுகிற சத்தம்தான். பாலத்தில் வாகனம் ஓய்ந்த பிறகு, மெல்லிய தந்தியைச் சுண்டிவிட்ட மாதிரி ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, தூரத்தில் சில. பாடுவது மீனா, சிப்பி சோகி வகையா என்பதில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. எந்தக் கட்சி என்றாலும், அந்தச் சத்தத்தை இப்போது எனக்குத் தெரியும்.

உற்சாகம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், எனக்குத் தெரிந்த அளவில், பாதி ஒரு திகதியில் இருந்து வருகிறது. சூரியன் எனக்கு அலுப்பாக இருக்கிறது என்று ஒரு நாள் தள்ளி வராது. பறுவமும் தள்ளாது. நானே எனக்கு வைத்துக்கொண்ட திகதி என்றால் தள்ளிப் போட்டிருப்பேன். மற்றப் பாதி மச்சாளிடம் இருந்து. அங்கே ஒருத்தி பைப்பை நட்டுவிட்டுக் காத்திருக்கிறா என்றால் படுத்திருக்க ஏலாது. தனியாக இருந்து “வியப்போடு வாழ வேண்டும்” என்று தீர்மானம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது ஒரு கிழமை தாங்காது. கூட ஓர் ஆளும், ஓர் அடிமட்டமும், எழுதி வைக்க ஒரு கொப்பியும் வேண்டும்.

கொப்பியில் இப்போது வேறு சங்கதிகளும் ஏறுகின்றன. மாரியில் வானொலி “50 மில்லிமீற்றர் மழை” என்று சொன்னால் முந்தி அது எனக்கு வெறும் சத்தம். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு லீற்றர் தண்ணீர். 100 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் என்றால் 5,000 லீற்றர், ஐந்து பெரிய தாங்கி. அடியும் வாயும் ஒரே அகலமான போத்தல் ஒன்றை முற்றத்தில் வைத்து நாங்களே அளக்கிறோம். கார்த்திகை மழை பெய்யும்போது அம்மாதான் முதலில் போய்ப் பார்க்கிறவ.

வரும் ஏப்ரலுக்கு மச்சாளின் அந்த மங்கல் ஓரத்தைத் தீர்க்க வேண்டும். சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரைப் பாகை அகலத் தட்டு. அதனால் ஒரு மீற்றர் கோலின் நிழல் நுனியில் ஒரு சென்ரிமீற்றருக்குக் கிட்டக் கலங்கல் வரும். மகன் ஒரு வழி சொல்கிறான்: கோலின் உச்சியில் சின்னத் துளை போட்ட தகடு ஒன்றை வைத்தால், நிழலுக்குள்ளே சூரியனின் வட்ட உரு ஒன்று விழும், அதன் நடுவைக் குறித்தால் போதும். தூரத்தையும் கூட்டப் போகிறோம். பொத்துவிலில் இருந்து பருத்தித்துறை வரை வடக்குத் தெற்காக 320 கிலோமீற்றருக்கு மேல் வரும். அங்கே கோல் நட மச்சாள் ஓர் ஆளைப் பிடித்துவிட்டா. பொத்துவிலுக்கு நாங்களே பஸ் ஏறுகிறோம். அம்மாவும் வருகிறாவாம், அங்கே ஒரு கிணறு பார்த்து வைக்கச் சொல்கிறா.