64-க்கு 41

சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் அந்த செமஸ்டர் நடந்தது 64 வகுப்பு. என் மாணவன் ஒருவன் வந்தது 41. பார் கவுன்சிலின் 2008 விதிப்படி தேர்வெழுத 70 சதவீத வருகை வேண்டும். தக்க காரணம் இருந்து, பாடத்தில் 65, மொத்தத்தில் 70 இருந்தால் டீன் அனுமதிக்கலாம். மொத்தத்தில் அவனுக்கு 71. என் பாடத்தில்தான் 64. இன்னும் ஒரே வகுப்பு.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்தது. பேராவூரணிப் பக்கம் அவன் அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த தோப்பில் மிஞ்சிய தென்னைகளை விரல்விட்டு எண்ணலாம். கரண்ட் இல்லை, டவர் இல்லை. 24-ம் தேதி சனிக்கிழமை, போர்ஷன் முடியவில்லையே என்று இரண்டு மணி நேரம் சிறப்பு வகுப்பு வைத்தேன். நடத்தியது பிரிவு 108(இ): தீ, புயல், வெள்ளத்தில் சொத்து அழிந்தால் குத்தகைதாரர் குத்தகையை முறித்துக்கொள்ளலாம். ரெஜிஸ்டரில் இரண்டு வகுப்பாக ஏறிய அந்த இரண்டு மணி நேரத்தைக் கழித்தால் 62-க்கு 41. 66 சதவீதம்.

"அந்த வகுப்பை ரிவிஷன்னு போட்டுடுங்களேன் மேடம், கணக்கில் வராது" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். மாட்டேன் என்றேன். டீனும் என் முடிவுக்கே விட்டுவிட்டார். எங்கள் சட்டப்பள்ளியில் அப்போது முதல் பேட்ச்கூட வெளியே போகவில்லை. பிள்ளைகள் மாதிரி வழக்காடும் மூட் கோர்ட் மேடையில் பாலிஷ் வாடை போகவில்லை. இன்ஸ்பெக்‌ஷனில் ஒருவனுக்காகத் திருத்திய ரெஜிஸ்டர் சிக்கினால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கேடு. அப்படித்தான் நம்பினேன். இன்றும் பாதி நம்புகிறேன்.

ஆனால் தூக்கத்தில் வருவது அது இல்லை. திரும்பி வந்த அன்று அவன் அட்டெண்டன்ஸைப் பற்றிக் கேட்கவே இல்லை. மட்டை கிழித்த கீறல் இரண்டு கையிலும். நோட்டை ஜெராக்ஸ் எடுத்துப் படித்திருக்கிறான். "மேடம், 108 எங்கப்பா தோப்புக்குப் பொருந்துமா?"

"விவசாயக் குத்தகைக்குப் பொருந்தாதுப்பா. 117 பாரு."

"சரிங்க மேடம்."

பதிலில் பிழை இல்லை. 1955-ம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே, உட்காரு, உனக்கு அதில் என்ன இருக்கிறதென்று பார்ப்போம் என்று சொல்ல எனக்கு ஐந்து நிமிஷம் இல்லாமல் போயிற்று. சட்டம் படிக்க வந்த பிள்ளை முதல்முறையாகத் தன் வீட்டுக்காகச் சட்டத்தைக் கேட்டான்.

அந்தப் பேப்பரை அடுத்த வருஷம் எழுதிப் பாஸானான்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை சிறப்பு வகுப்பை நான் ரெஜிஸ்டரில் ஏற்றுவதில்லை. விதிப்படி அது சரியா என்று யாரிடமும் கேட்டதும் இல்லை. வேதாரண்யத்திலிருந்து விடியற்காலைப் பஸ் பிடித்து வரும் பெண் ஒருத்தி, "எங்களுக்கு மட்டும் ஏன் மேடம் அட்டெண்டன்ஸ் இல்லை?" என்று போன மாதம் கேட்டாள். அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.