ஸ்டைல் லிஸ்டில் இல்லாத பாட்டு

தண்டையார்பேட்டையில் ஒரு மாடியில் சின்ன ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். சினிமா வேலை எதுவும் இந்தப் படியேறி வராது. எம்.சி. ரோடு துணிக்கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரம், கூழ் ஊற்றும் விழாவுக்கு அம்மன் பாட்டு, சர்ச் பாடகர் குழுவுக்கு கிறிஸ்துமஸ் பாட்டு, தேர்தல் வந்தால் ஆட்டோவில் ஓடவிட பிரசாரப் பாட்டு, பதினாறாம் நாள் காரியத்துக்குக் கானா, இவைதான் வரும். காலையில் சொல்லிவிட்டு சாயங்காலம் பென் டிரைவோடு வந்து நிற்பவர்களே அதிகம். அதனால் ‘பேண்ட் இன் எ பாக்ஸ்’ என்கிற மென்பொருள் இல்லாமல் என் பிழைப்பு ஓடாது.

கனடாவின் விக்டோரியா நகரத்தில் இருக்கும் பிஜி மியூசிக் கம்பெனி 1990-இல் வெளியிட்டது அது. பீட்டர் கேனன் என்பவர் உருவாக்கினார். திரையில் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டம் ஒரு பார், அதாவது தாளத்தின் ஒரு சுற்று. அதில் சி, ஏ மைனர், எஃப், ஜி என்று கார்ட்ஸை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களைத் தட்டிவிட்டு, ஸ்டைல் லிஸ்டில் ஒன்றைத் தேர்ந்து ப்ளே அழுத்தினால் டிரம்ஸ், பேஸ், பியானோ, கிட்டார் எல்லாம் சேர்ந்து வாசிக்கும். அதே கார்ட்ஸ் பாசா நோவாவாக வேண்டுமா, ரெக்கேவாக வேண்டுமா, வால்ட்ஸாக வேண்டுமா, ஸ்டைலை மட்டும் மாற்றினால் போதும். பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் பாரில் ‘பி’ என்று ஓர் அடையாளம் வைத்துவிட்டால், அதற்கு முந்தின பாரிலேயே டிரம்ஸ் ஒரு ரோல் அடித்து ஆளைத் தயார்படுத்திவிடும். ஆரம்பகாலத்தில் எல்லாமே மிடி சத்தம்தான், அதாவது எந்த ஸ்வரத்தை எப்போது வாசிப்பது என்கிற குறிப்பை வைத்து மெஷினே எழுப்பும் சத்தம். இப்போது நிஜக் கலைஞர்கள் ஸ்டுடியோவில் வாசித்துப் பதிந்ததையே எடுத்துக் கோத்துத் தருகிறது. டெம்போவை அளவுக்கு மீறி இழுக்காதவரை நன்றாகவே இருக்கும்.

லைட் மியூசிக் குழுவில் கீபோர்டு வாசித்துவிட்டு வந்தவனுக்கு இதில் முதலில் பிடித்துப்போவது சுருதி மாற்றும் வசதிதான். பாடுகிறவர் வந்து “ஒன்றரைக் கட்டை” என்பார். அது சி ஷார்ப். பெண்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரை. ஜி அல்லது ஜி ஷார்ப். மேடையில் கடைசி நேரத்தில் பாடகருக்குத் தொண்டை கட்டி அரைக் கட்டை இறக்கச் சொன்னால், எனக்கு டிரான்ஸ்போஸ் பட்டன் இருந்தது. பேஸ் கிட்டார்காரர் என்னை முறைப்பார். இப்போது முறைக்க ஆளில்லை. இது நல்லதா கெட்டதா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்; அவர் பேஸ் கிட்டாரை விற்றுவிட்டு மாதவரம் பக்கம் வண்டி ஓட்டுகிறார்.

இந்த மென்பொருள் முழுசாகக் கைகொடுப்பது சர்ச் பாட்டுக்கு. பெரம்பூர், ஆங்கிலோ இந்தியர்களும் ரயில்வே குடியிருப்புமாகச் சேர்ந்து கிட்டாரைத் தெருவுக்குத் தெரு பழக்கிவிட்ட இடம். அங்கிருந்து வரும் பாடகர் குழுப் பையன்கள் “அண்ணா, வெர்ஸ் ஜி, டி, இ மைனர், சி. கோரஸ்ல மட்டும் ஏ மைனர்ல ஆரம்பிங்க” என்று கார்ட்ஸோடுதான் படியேறுவார்கள். பாட்டே கட்டங்களாக யோசிக்கப்பட்டு வருவதால் எனக்குத் தட்டச்சு வேலைதான் மிச்சம். டீ வருவதற்குள் ட்ராக் தயார்.

துணிக்கடை வேலை வேறு மாதிரி. ஒருமுறை ஒரு முதலாளி, மச்சானையும் கணக்குப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தார். “ஆடி ஆஃபர் சார், கேட்டா ஜனம் நிக்கணும்.” சரி என்று ஒரு குத்து டெம்போவில் போட்டுக் காட்டினேன். பிடித்திருந்தது. அங்கேயே விட்டிருக்கலாம். “வேற மாதிரி எதாவது?” என்றார். டிஸ்கோ. “இன்னொண்ணு?” ராக். மச்சானுக்கு ராக் பிடித்தது. கணக்குப்பிள்ளை, வீட்டுப் பெண்கள் வருகிற கடை, மெலடி வேண்டாமா என்றார். மெலடி போட்டால், புடவை கொஞ்சம் விலை ஜாஸ்தி என்கிற மாதிரி கேட்கிறது என்றார் முதலாளி (எனக்கும் அப்படித்தான் கேட்டது). பொழுது சாய்ந்தபோது மூன்று பேரும் மூன்று பக்கம் இருந்தார்கள். கடைசியில் வீட்டுக்கு போன் போட்டு அவர் மனைவிக்குக் கேட்கவைத்தோம். அந்த அம்மா முதலில் போட்ட குத்தே போதும் என்றார்.

முன்பு கீபோர்டு, ரிதம் பேட், டோலக் ஆட்களைக் கூப்பிட்டுப் பதியும்போது ஒரு பாட்டுக்கு ஒரு வடிவம்தான் கொடுக்க முடியும். வாடிக்கையாளரும் அதைத்தான் எதிர்பார்த்தார். இப்போது எல்லா வகையும் நொடியில் வரும் என்பது அவருக்கும் தெரியும். வாசிப்பதில் மிச்சமான நேரமெல்லாம் தேர்ந்தெடுப்பதில் போகிறது. அதனால் இப்போதெல்லாம் இரண்டு மாதிரிக்கு மேல் நான் காட்டுவதில்லை. ஸ்டைல் லிஸ்டைத் திரையில் பார்க்கவே விடமாட்டேன்.

அம்மன் பாட்டு வந்தால் லிஸ்ட் கைவிரித்துவிடும். மிடி 1983-இல் வந்தது. எந்தக் கருவியில் வாசித்தாலும் பியானோ பியானோவாகவே கேட்க வேண்டும் என்று 128 சத்தங்களை வரிசைப்படுத்திய ஜெனரல் மிடி 1991-இல். அந்த 128-இல் சிதார் உண்டு, ஷெனாய் உண்டு. ஹெலிகாப்டர் உண்டு, துப்பாக்கிச் சத்தமும் கைதட்டலும்கூட உண்டு. நாதஸ்வரம் கிடையாது. பத்தாவது சேனலில் தனியாக அடுக்கிய தாளக் கருவிகளில் பாங்கோ, காங்கா எல்லாம் இருக்கும். தபலாகூடக் கிடையாது, அப்புறம் பம்பைக்கும் உடுக்கைக்கும் எங்கே போவது? அதனால் பம்பை வாசிக்கிறவரைக் கூப்பிட்டு நானே பதிந்து வைத்திருக்கிறேன். அறைக்குள் பம்பை அடித்தால் மைக் கதறிவிடும் என்று மொட்டை மாடியில் பதிந்தோம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரியின் ஹாரன் ஒரு இடத்தில் விழுந்திருக்கிறது. எங்கள் ஏரியா அம்மன் பாட்டுகளில் கவனித்துக் கேட்டால் அந்த லாரியைக் கேட்கலாம்.

நான் சொல்ல வந்தது கானா பற்றி.

புளியந்தோப்பிலிருந்து ஒரு பையன் வந்தான். தாத்தா இறந்துவிட்டார், பதினாறாம் நாள் ராத்திரிக்குப் பாட்டு வேண்டும். “ஆர்பர்ல மூட்ட தூக்குனவருண்ணா. அத்த பாட்ல கொண்டாந்துரணும். நாலு பொண்ணுங்கள கட்டிக் குடுத்தாரு, அதுவும் வரணும்.” வரிகள் அவன் மனசில் இருந்தன, தாளில் இல்லை. கானாவுக்கு அடிப்படை 6/8 தாளம்தானே என்று லிஸ்டில் 6/8 தேடினேன். கிடைத்தவை இரண்டு மாதிரி: மெதுவாக அழும் பேலட், இல்லையென்றால் அயர்லாந்துக்காரர்கள் ஆடும் ஜிக். ஜிக்கில் டெம்போ சரியாக இருந்தது, போட்டேன். பையன் சிரித்துவிட்டான். “இன்னாண்ணா இது, வெள்ளக்காரன் கல்யாணத்துல ஆடற மாரி கீது!”

ஃபிடிலையும் கிட்டாரையும் நிறுத்திவிட்டு, டிரம்ஸை எடுத்துவிட்டு, பேஸை மட்டும் வைத்து, என்னிடமிருந்த டோலக் பதிவை அடியில் ஓடவிட்டேன். இப்போது ஊர்ச் சத்தம் வந்துவிட்டது. “பாடுப்பா” என்றேன். அவன் பாடவில்லை. மேளம் ஓடிக்கொண்டிருந்தால் எப்படி ஆரம்பிப்பது என்றான். அவன் கேட்டது நியாயம். கானா தாளத்தில் ஆரம்பிப்பதில்லை. முதலில் தாளமே இல்லாமல் தொகையறா மாதிரி இரண்டு மூன்று வரி இழுத்துப் பாடி, செத்தவரின் பெயரைச் சொல்லி நிறுத்துவார்கள். அப்புறம்தான் அடி விழும். எந்த நொடியில் விழ வேண்டும் என்று பாடுகிறவன் தீர்மானிப்பான். டோலக்காரர் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ப்ளே அழுத்திய கணத்திலிருந்து கட்டம் கட்டமாக ஓடும் மென்பொருளுக்கு யார் முகத்தையும் பார்க்கத் தெரியாது.

தாளம் வந்த பிறகும் சிக்கல். நான்கு நான்கு பாராக வரிசை போட்டிருந்தேன். அவன் ஒரு வரியை மூன்றரை பாரில் முடித்து மூச்சு வாங்கினான். அடுத்த வரியில் நான்கு மகள்களின் பெயரையும் அடுக்கியதால் அது ஐந்து பாரைத் தாண்டியது. ஒரு பெயரை விட்டால் அளவு சரியாகும் என்று சொல்லிப் பார்த்தேன். “எந்த அத்தைய வுடறது?” என்றான். பதில் சொல்ல முடியவில்லை. ட்ராக்கை மூடிவிட்டு டோலக் அண்ணனுக்கு போன் போட்டேன். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து ஒரே மூச்சில் பதிந்தேன். பிறகு அந்தப் பதிவின் பின்னாலேயே போய், அவன் நின்ற இடத்தில் நின்று, நீட்டிய இடத்தில் நீட்டி, பேஸையும் ஸ்ட்ரிங்ஸையும் கையால் வாசித்துச் சேர்த்தேன். ராத்திரி ஒன்பதுக்குத்தான் முடிந்தது.

ஸ்டைல் லிஸ்ட் பாட்டைக் கருவியாலும் தாளத்தாலும் பிரிக்கிறது. எங்கள் பக்கத்தில் பாட்டைப் பிரிப்பது அதைப் பாடும் வேளை. அதே டோலக், அதே 6/8, கிட்டத்தட்ட அதே மெட்டில் பிறந்தநாள் கானாவும் பாடுகிறார்கள். அதில் தொகையறா சுருக்கமாக முடியும், அடி சீக்கிரம் விழும், நடுவில் நிறுத்தமே இருக்காது. சாவுப் பாட்டில் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் இடைவெளி விடுகிறார்கள், பெயருக்குரியவர் அழுவதற்கு. ஆடத் தெரிந்தவன் எவனும் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டான். லிஸ்டில் இரண்டுக்கும் ஒரே பெட்டி, அந்தப் பெட்டியில் ஜிக் இருக்கிறது. மென்பொருளைக் குறை சொல்லவில்லை. கேட்காத சங்கீதத்தை அது எப்படி வாசிக்கும்? ஆனால் அது நொடியில் தருவதையே முழுப் பாட்டு என்று இந்தத் தொழிலில் பலரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இப்போது கானா என்று மொபைலில் வரும் பலவற்றில் வரிகள் கச்சிதமாக நான்கு பாருக்குள் அடங்கியிருப்பதைக் கேட்கிறேன். இழுத்துப் பாடுகிறவர்கள் குறைந்ததாலா, எங்களைப் போன்றவர்கள் கட்டத்தைக் காட்டி அடக்கியதாலா? எங்கள் பங்கு கொஞ்சம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

வரியை எழுதிக் கொடுத்தால் குரலோடு பாட்டையே தந்துவிடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. சிலர் அதில் செய்ததை எடுத்துக்கொண்டு வந்து, “இதுல ழகரத்தை மட்டும் சரிபண்ணிக் குடுங்க” என்கிறார்கள். அதைச் சரிசெய்வதற்கு ஒருவரைப் புதிதாகப் பாடவைப்பதே சுலபம்.

கட்டணம் விஷயத்தில்தான் இன்னும் தினசரி வாக்குவாதம். “கம்ப்யூட்டர்தானே வாசிக்குது, எதுக்கு இவ்ளோ?” என்கிற கேள்வி விளம்பரம், சர்ச், அம்மன் பாட்டு மூன்றிலும் வரும், குறைத்துத்தான் வாங்குகிறேன். கானாவுக்குக் குறைப்பதில்லை. டோலக் அண்ணன் பங்கைத் தனியாகச் சொல்லி, அதை மட்டும் முன்பணமாகவே வாங்கிவிடுகிறேன். சாவு வீட்டுக்காரர்கள் அந்தப் பணத்துக்கு ஒருபோதும் பேரம் பேசியதில்லை.